படி தாண்டாத போன்

கோபம் வந்தால் சிலருக்கு முகம் சிவக்கும், சிலருக்குக் கை நடுங்கும். பாக்கெட் மாஸ்டருக்குக் கோபம் வந்தால் தையல் மெஷின் தானாக ஓடும். சும்மா சொல்லவில்லை. எதிர்க்கடை இஸ்திரிக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒருநாள் மாஸ்டர் வாசலில் நின்று துணி வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, உள்ளே மெஷின் ஆளில்லாமல் கடகடவென்று ஓடி, யாருடைய பேன்ட்டுக்கோ இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டதாம். நம்பாதவர்கள் இஸ்திரிக்காரரையே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பேன்ட்டுக்கு மடிப்பு எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

அப்படிப்பட்டவருக்கு வாழ்நாளிலேயே பெரிய கோபம் வந்தது, அந்தப் புதுப் போனைப் பற்றிய அறிவிப்பு வந்த காலையில்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறை கடை. ஒரு திரைக்குப் பின்னால் வீடு. மாஸ்டர் அளவெடுப்பார், துணி வெட்டுவார், காலரும் கையும் தைப்பார். பாக்கெட், காஜா, பட்டன், ஓரம் மடிப்பது எல்லாம் மனைவி. அந்த வேலைகளுக்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் "சில்லறை வேலை". ஆனால் பாக்கெட் மாஸ்டர் என்ற பட்டம் மட்டும் அவருக்கு. ஏன் என்றால், கடை திறந்த காலத்தில் பாக்கெட்டுக்கான அளவு அட்டையை வெட்டியவர் அவர். அதை அழகாக மஞ்சள் வார்னிஷ் பூசி, அளவெடுக்கும் கண்ணாடிக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தார். மற்றவர்கள் கடையில் சாமி படம் இருக்கும் இடத்தில் இவர் கடையில் அட்டை இருக்கும். காலையில் கடை திறந்ததும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவார்.

வீட்டில் ஒரே ஒரு போன். அது எப்போதும் மாஸ்டரின் சட்டைப் பாக்கெட்டில். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணாடி விரிசல் விட்ட போன். முன்பொரு நாள் கீழே கிடந்த கத்தரியை எடுக்க மாஸ்டர் குனிந்தபோது பாக்கெட்டிலிருந்து வழுக்கி விழுந்தது. மாஸ்டர் தரையைத் திட்டினார். "தரையா இது? கல்லு!" என்றார். அதற்குப் பிறகு அது விழவே இல்லை. "பாத்தியா, நம்ம பாக்கெட்ல இருந்து போன் விழுமா?" என்று பெருமை வேறு. ஆனால் சமீப காலமாக ஒரு சந்தேகம் அவருக்கு. போனை வெளியே எடுக்க இரண்டு விரலைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது. "வரவர இந்த போன் தேஞ்சுகிட்டே வருது" என்பார். மனைவி காஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாங்க, சோப்பு மாதிரி" என்பாள்.

அன்று காலை அவள் ஒரு பேச்சு எடுத்திருந்தாள்.

"ஏங்க, எனக்குன்னு ஒரு போன் இருந்தா..."

"வீட்டுக்கு ஒரு போன் போதும்."

"வீட்ல ரெண்டு வாய் இருக்கேங்க."

"ரெண்டுல ஒண்ணு மூடியிருந்தா ஒரு போன் தாராளம்."

அவள் மூடிக்கொண்டாள். வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பேத்தியின் முகத்தை அந்த விரிசலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்றுதான் அவள் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கு முளைத்தது ஒரு பல்லா இரண்டு பல்லா என்பதே இன்னும் தீராத வழக்கு.

சரி, அறிவிப்புக்கு வருவோம். உலகமே பார்த்த வீடியோவை மாஸ்டரும் பார்த்தார். மேடையில் ஒருவன் நடந்து வந்தான். கையைத் தூக்கினான். கையில் போன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மாஸ்டரும் எழுந்து நின்று கத்தினார். ஆனால் வேறு காரணத்துக்கு.

"இங்க வா! இவனப் பாரு! சட்டையில பாக்கெட்டே இல்ல! பாக்கெட் இல்லாத பனியன மாட்டிக்கிட்டு வந்தவன் போன் செய்யறான்! எங்க வைக்கப் போறான் அத? தலையிலயா?"

"பெருசா இருக்குதுல்லங்க?"

"பெருசா? அது போனா, பலகையா? துணிய விரிச்சு இஸ்திரி போடலாம் அது மேல!"

வீடியோவின் அடியில் நீளம் அகலம் போட்டிருந்தார்கள். மாஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி, இன்ச் டேப்பை வைத்தார். மூக்கு விடைத்தது. போன் பாக்கெட்டுக்கு மேலே மூன்று விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். அகலத்தில் உள்ளேயே போகாது. ஊரில் இவர் தைத்த அத்தனை சட்டையும் ஒரே காலையில் பழசாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டானா அந்தப் பனியன்காரன்? உலகத்தில் பாக்கெட் தைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு அளவு இருக்கிறது என்று ஒரு மரியாதைக்காவது விசாரித்தானா?

அட்டையைக் கையால் ஓங்கித் தட்டினார் மாஸ்டர். "இந்த அட்டை மேல சத்தியமா சொல்றேன். அந்த போன் இந்த வீட்டுப் படியத் தாண்டாது!"

இஸ்திரிக்காரர் எதிரிலிருந்து எட்டிப் பார்த்தார். மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனார்.

வீடியோவுக்கு அடியில் கருத்து எழுதும் இடம் இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்தார் மாஸ்டர். பார்த்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. உலகத்தில் தான் மட்டும் கோபக்காரன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவருக்கு, ஒரே இடத்தில் இத்தனை சொந்தக்காரர்கள்! 'தேன்வண்டு' என்று ஒருவன், புதுப் போன் நிறம் காய்ந்துபோன பெயின்ட் மாதிரி இருக்கிறது என்று குமுறியிருந்தான். 'முன்பல்' என்று ஒருத்தி, பெட்டிக்குள் சார்ஜர் கிடையாதாமே, அடுத்த வருஷம் பெட்டி மட்டும் விற்பீர்களா என்று கேட்டிருந்தாள். பின்பக்கம் நாலு கேமராவைப் பார்த்து, "போனா, சிலந்தியா? என் குழந்தை பயந்து அழுகிறது" என்றது இன்னொரு குரல். போன மாதம்தான் பழைய போனை வாங்கிய ஒருவர், கடிதம் மாதிரி நீளமாக எழுதி, கடைசி வரியில் அழுதே விட்டார். இப்படிக் கோபப்படுகிறவர்கள் மீது கோபப்பட்டு எழுதியவர்களும் உண்டு. அவர்கள் மீது கோபப்பட்டவர்கள் அதற்கும் அடியில்.

மாஸ்டர் எழுதினார்: "பாக்கெட் இல்லாதவன் செய்த போன் பாக்கெட்டுக்குள் போகாது. தைக்கிறவனைக் கேட்காமல் எதையும் பெரிதாக்காதே."

கையெழுத்துக்குப் பதில் பெயர்: பாக்கெட் மாஸ்டர்.

ஒரு கிளாஸ் டீ குடிப்பதற்குள் அதற்குக் குவிந்த 'லைக்' என்கிற விருப்பங்களைப் பார்த்து மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது. "தலைவா!" என்றார்கள். "எங்கள் மனசாட்சியே!" என்றார்கள். இத்தனை வருஷம் தைத்ததில் ஒருவன் கைதட்டியதில்லை. காலர் இறுக்குது, கை குட்டையாயிருக்குது என்றுதான் வந்து நிற்பார்கள். இப்போது உட்கார்ந்த இடத்தில் புகழ். அதற்குப் பிறகு கத்தரி துருப்பிடித்தது. மாஸ்டர் கட்டைவிரலால் மட்டும் வாழ ஆரம்பித்தார்.

"ஏங்க, மூலைக்கடைக்காரர் சட்ட கேட்டு மூணாவது தடவ வந்துட்டாரு."

"அவரு அந்தப் போன வாங்கப் போறாரான்னு கேளு. வாங்குறவனுக்கு இனிமே இங்க சட்ட கிடையாது."

"அப்ப அடுப்புல என்னத்த வைக்கிறது? விருப்பத்தையா?"

"ஒரு கொள்கைன்னா அப்படித்தான் இருக்கும்."

"கொள்கைக்கு உப்பு போட்டு வேகவைக்கணுமா, உப்பு இல்லாமயா?"

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் மகள் கூப்பிட்டாள். மாஸ்டர் அப்போது ஒரு பெரிய சண்டையின் நட்டநடுவில் இருந்தார். போன் மணி அடித்தது. திரையில் மகள் முகம் வந்தது. "அப்பா, அம்மாவக் கூப்பிடுங்க, சீக்கிரம்! இவ எழுந்து நிக்கறா! நடக்கப் போறாப்பா!"

மனைவி கையிலிருந்த பட்டனை அப்படியே போட்டுவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் மாஸ்டர், "இரும்மா, ஒருத்தன் என்னைத் தையல் தெரியாதவன்னு சொல்லிட்டான், அவனை முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது குழந்தை நடந்து, விழுந்து, அழுது, தூங்கியும் போயிருந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தரையில் உருண்ட பட்டனைத் தேடி எடுத்து, ஊசியில் நூல் கோர்த்தாள். கல்யாணமான எந்த ஆணுக்கும் அந்த மௌனம் என்னவென்று தெரியும். மாஸ்டருக்கும் தெரிந்திருக்கும், நிமிர்ந்து பார்த்திருந்தால்.

மறுநாள்தான் அந்த விரோதி முளைத்தான்.

மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து, போனைத் திறந்தால், அவருடைய கருத்துக்கு அடியில் ஒரு பதில். பெயர் 'அறுந்தபட்டன்'. எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பாக்கெட் மாஸ்டரே, நீங்கள் கடைசியாகப் பாக்கெட் தைத்தது எப்போது?"

"எவன்டா இவன்!" என்று மாஸ்டர் கட்டிலிலிருந்து குதித்தார். குதித்த வேகத்தில் கட்டில் ஒரு முழம் நகர்ந்தது என்பார்கள். நான் அரை முழம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூச்சு வாங்க நீளமாகப் பதில் எழுதினார். உடனே மறுமொழி வரவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வந்திருந்தது: "மூக்குக் கண்ணாடி போடாமல் எழுதினால் எழுத்துப் பிழைதான் வரும். போட்டுக்கொண்டு எழுதுங்கள்."

மாஸ்டர் மூக்கைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி இல்லை. தலைமுடி நட்டுக்கொண்டது. மெதுவாக ஜன்னல் வழியாக எதிர்க்கடையைப் பார்த்தார். இஸ்திரிக்காரர் அப்பாவியாக ஒரு காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்தான்!" என்றார் மாஸ்டர் பல்லுக்கிடையில்.

"யாருங்க?"

"நான் தூங்கற நேரம், குளிக்கற நேரம் பாத்துத்தான் எழுதறான். எதுத்தாப்ல இருந்து நோட்டம் விடறவனாலதான் அது முடியும்."

"அண்ணனுக்கு எழுத்துக்கூட்டவே வராதுங்க."

"அதான் நடிப்பு!"

அன்று முதல் இஸ்திரிக்காரரோடு பேச்சு நின்றது. அவருக்கோ காரணம் புரியவில்லை. மாஸ்டர் முறைக்கும்போதெல்லாம் பாவம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போடுவார். மாஸ்டர் அதையும் நக்கல் என்று எடுத்துக்கொண்டார்.

அறுந்தபட்டன் விடவில்லை. மாஸ்டர் கண் அயர்ந்தால் ஒரு குத்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போய் வந்தால் ஒரு கிள்ளு. "அந்தப் போனைத் தொட்டாவது பார்த்திருக்கிறீர்களா?" என்றது ஒருநாள். "வீடியோவைப் பார்த்து அளவெடுக்கிற தையல்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். நாளைக்கு வாடிக்கையாளர் போட்டோவை அனுப்பினால் சட்டை தைத்துக் கொடுப்பீர்களா?"

இது எலும்புவரை இறங்கியது. ஏனென்றால் அது மாஸ்டரின் சொந்த வசனம். ஆளைத் தொட்டு டேப் வைக்காமல் அளவு சொல்கிறவனைக் கடைக்குள்ளேயே விடமாட்டார் அவர்.

"நிரூபிச்சுக் காட்டறேன்!" என்று எழுதினார். "அந்தப் போனை என் சட்டைப் பாக்கெட்டில் எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டுகிறேன். உள்ளே போகாது. வீடியோ போடுகிறேன். உலகம் பார்க்கட்டும்."

தூங்கி எழுந்து பார்த்தார். பதில்: "போய்விட்டால்? போனை எனக்குக் கொடுத்துவிடுவீர்களா?"

"உனக்கு எதுக்குடா கொடுக்கணும்?" என்று வாய்விட்டே கத்திக்கொண்டு எழுதினார் மாஸ்டர்: "உள்ளே போனால் அதை என் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, இந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வாயை மூடிக்கொள்கிறேன். இது பாக்கெட் மாஸ்டர் வாக்கு."

கூட்டம் ஆரவாரித்தது. தேன்வண்டு சாட்சி சொல்ல வருவதாக எழுதினான். முன்பல் தேதி கேட்டாள்.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஆடிப்போய்விட்டாள். கையை உதறினாள். "வேண்டாங்க! அந்தச் சனியன் நமக்கு வேண்டாம்! புது மெஷின் வாங்கன்னு எடுத்து வச்ச பணத்தையா அதுல கொட்டுவீங்க?"

"நிரூபிச்சதும் திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்த வாங்கிப்பேன்."

"உள்ள போயிட்டா?"

"எப்படிப் போகும்? அட்டைய அளந்து பாத்தாச்சுல்ல!"

"அட்டையைத்தானே அளந்தீங்க..."

"வேற எத அளக்கணும்? உன் தலையையா?"

அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்கென்னவோ பயமாத்தான் இருக்கு. வேணாம்னுதான் சொல்வேன். அப்புறம் நீங்க கேக்கவா போறீங்க?"

வேண்டாம் என்று மனைவி சொன்ன ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்ட கணவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

விற்பனை ஆரம்பித்த காலையில் மாஸ்டர் போன் கடைக்குப் போனார். கடை திறக்கவில்லை. ஆனால் வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை. தலைகுனிந்து, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவன் போனில் ஆவேசமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் போனை எவனாவது வாங்குவானா?" என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீங்க..." என்றார் மாஸ்டர்.

அவன் திரும்பினான். "தேன்வண்டு. அண்ணன்?"

"பாக்கெட் மாஸ்டர்."

"தலைவா!" என்று காலில் விழப்போனான் தேன்வண்டு. மாஸ்டர் தடுத்தார். "ஏன்பா, காஞ்ச பெயின்ட்டுன்னு திட்டுனியே?"

"இப்பவும் திட்றேன் தலைவா. ஆனா நேர்ல பாக்காம திட்னா ஒரு அழுத்தம் வர மாட்டேங்குது. கையில வச்சுக்கிட்டு திட்டுனாதான் திட்டு."

அவனுக்கு முன்னால் நின்ற அம்மாள் சிரித்தார். முன்பக்கம் ஒரு பல் இல்லை. "நானும்தான்" என்றார். "சார்ஜர் இல்லைன்னு பெட்டியத் திறந்து அவங்க மூஞ்சிலயே காட்டணும். அதுக்குப் பெட்டி வேணுமே."

அவருக்கும் முன்னால் அழுத ஆசாமி நின்றிருந்தார். போன மாதம் வாங்கிய பழைய போனைக் கோபத்தில் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டதால் இப்போது புதிது வாங்கியே தீர வேண்டியிருந்தது. வரிசை முழுக்கக் கோபக்காரர்கள். சாந்தமான மனிதன் ஒருவனைக்கூட அங்கே மாஸ்டர் பார்க்கவில்லை. கதவு திறந்ததும் அத்தனை கோபமும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

போனோடு மாஸ்டர் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு சின்ன ஊர்வலமே வந்தது. சொந்த வாசற்படியில் காலைத் தூக்கியவர் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டார். சத்தியம்! அட்டை மேல் அடித்துச் செய்த சத்தியம். அந்த போன் படி தாண்டாது.

"என்ன தலைவா, கால் பிடிச்சுக்கிச்சா?" என்றான் தேன்வண்டு.

மாஸ்டருக்கு வியர்த்தது. உள்ளேயிருந்து மனைவி மெல்ல வந்து பார்த்தாள். காலைப் பார்த்தாள். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"படியைத் தாண்டாதுன்னுதானே சொன்னீங்க? ஜன்னலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. இப்படிக் கொடுங்க."

அந்த நேரத்தில் அவளைத் தெய்வமாக நினைத்தார் மாஸ்டர். ஜன்னல் கம்பிக்கு நடுவில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு படி ஏறி உள்ளே போனார். வாக்கும் காப்பாற்றப்பட்டது, போனும் வந்து சேர்ந்தது.

கடையில் நிற்க இடமில்லை. அன்றைக்கென்று மனைவி தைத்து வைத்திருந்த புதுச் சட்டையை மாஸ்டர் மாட்டிக்கொண்டார். பழைய போனில் படம்பிடிக்க ஆள் வேண்டும். மாஸ்டர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, எதிர்க்கடையைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"வாய்யா இங்க! நீயே உன் கையால பிடி. உன் தோல்விய நீயே படம் புடி!"

"என்ன தோல்வி மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இஸ்திரிக்காரர் போனைத் தலைகீழாகப் பிடித்தார். முன்பல் அம்மாள் திருப்பிக் கொடுத்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "உலகத்தீரே! இது என் அட்டை." அட்டையைக் காட்டினார். "இது அவன் போன்." போனை அட்டைமேல் வைத்தார். நாலு பக்கமும் வழிந்தது. கூட்டம் "ஆகா" என்றது. "இந்த அட்டையில வெட்டின பாக்கெட்தான் இந்த ஊர்ல அத்தன நெஞ்சுலயும் இருக்கு. என் நெஞ்சுலயும் இருக்கு. இப்ப இத உள்ள தள்றேன். பாருங்க. போகாது. ஏன்னா..."

போய்விட்டது.

தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. விளிம்பில் வைத்ததும் சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி சர்ரென்று இறங்கி, அடியில் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. மேலே ஒரு நகக்கண் அளவுகூடத் தெரியவில்லை.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"மாஸ்டர்," என்றார் இஸ்திரிக்காரர், படம்பிடிப்பதை நிறுத்தாமல், "எங்க போச்சு?"

மாஸ்டர் துழாவி வெளியே எடுத்தார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் சர். ஹேங்கரில் தொங்கிய மூலைக்கடைக்காரர் சட்டையைப் பிடுங்கி அதில் வைத்தார். சர். ஸ்கூல் வாத்தியார் சட்டை, சர். தேன்வண்டு தன் அண்ணனுடையதை எடுத்துப் போட்டிருந்ததும் இவர் தைத்த சட்டைதான். அவன் நெஞ்சில் கையைவிட்டுத் திணித்தார். அவனுக்குக் கூச்சமெடுத்தது, ஆனாலும் சர்.

"குனி!" என்றார் மாஸ்டர். தேன்வண்டு குனிந்தான். விழவில்லை. "இன்னும் குனிடா!" தலை தரையைத் தொட்டது. போன் அசையவில்லை.

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பினார். அங்கே மனைவி கையில் ஓர் அட்டையோடு நின்றிருந்தாள். வார்னிஷ் இல்லை, மஞ்சள் இல்லை. செருப்புப் பெட்டி மூடியில் வெட்டிய அட்டை. ஓரமெல்லாம் கத்தரி பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது.

"என்னது அது?"

"பாக்கெட் அட்டைங்க."

"அப்ப இது?" என்று வார்னிஷ் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அது சுவத்துக்குங்க. அழகா இருக்கும்னு விட்டுட்டேன்."

"எப்பத்துல இருந்து?"

"கத்தரிய எடுக்கக் குனிஞ்சப்ப உங்க போன் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுச்சே, அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து. அதுக்கு முன்னாடியே ஊர்ல எல்லாரும் போன் விழுது, போன் விழுதுன்னு என்கிட்டதான் வந்து அழுவாங்க. உங்ககிட்ட சொன்னா அட்டைய ஒரு பார்வை பாப்பீங்க, தரையத் திட்டுவீங்க. இனிமே வர்றதெல்லாம் பெருசாத்தான் வரும்னு கொஞ்சம் தாராளமாவே வெட்டிட்டேன். சில்லறை வேலைதானேங்க, அதப் போயி உங்ககிட்ட எதுக்குக் கேக்கறதுன்னு..."

இஸ்திரிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. முன்பல் அம்மாள் சிரித்த சிரிப்பில் தொங்கிய சட்டைகள் ஆடின. மாஸ்டர் மெஷினை ஓரக்கண்ணால் பார்த்தார். அது ஓடவில்லை. அதுவும் அவள் பக்கம் போய்விட்டது.

"தலைவா, வாக்கு?" என்றான் தேன்வண்டு, இன்னும் குனிந்தபடியே.

மாஸ்டர் அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு சாதுப் பெண்ணுக்குரிய தயக்கத்தோடு அதை வாங்கி, சேலை முந்தானையால் துடைத்தாள். கூட்டம் கலைவதற்குள் அத்தனை கோபக்காரர்களும் அவளிடம் வரிசையில் நின்று புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தார்கள். மாஸ்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்கெட் அளவு மட்டும் அவர் எடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மனைவி மகளைக் கூப்பிட்டாள். புதுப் போனில், விரிசல் இல்லாத கண்ணாடியில், குழந்தையின் முழு முகம். தள்ளாடித் தள்ளாடி நாலு எட்டு வைத்து, கேமராவைப் பிடிக்க வந்து, பாட்டியின் கண்ணுக்குள்ளேயே விழுந்தது. "ரெண்டு பல்லு!" என்று மனைவி கூவினாள். "ஏங்க, ரெண்டுங்க! நான்தான் சொன்னேனே!" மாஸ்டர் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ரெண்டுதான். இவர் ஒன்று என்று வாதாடியவர்.

அவள் போனோடு அடுப்பங்கரைக்குப் போனாள். மாஸ்டர் பழைய போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பாக்கியிருந்த கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும். மனைவியிடம் முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. மெஷினிடம் முடியாது, அது கட்சி மாறிவிட்டது. மிச்சம் ஒரே ஆள். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, பிழையில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார்:

"அறுந்தபட்டனே! நான் தோற்றது என் மனைவியிடம். உன்னிடம் அல்ல. அவள் கால் தூசிக்கு நீ ஈடாக மாட்டாய். தைரியம் இருந்தால் நீ யார் என்று சொல்!"

அனுப்பினார். இவர் தூங்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. எப்படிப் பதில் வரும், பார்த்துவிடலாம் என்று கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பங்கரையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் ஓசை நின்றது. பிறகு இவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

அறுந்தபட்டன் எழுதியிருந்தது: "சாப்பாடு ஆறுது, எந்திரிச்சு வாங்க."